121 கொரோலாவுக்குப் பாவித்த ஓட்டோ கியர்பொக்ஸ் பூட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் 121 என்று சொன்னாலே எந்தக் கார் என்று விளங்கிவிடும். 2000ஆம் ஆண்டு முதல் ஜப்பானில் உற்பத்தியான என்.இசட்.ஈ.121 டொயோட்டா கொரோலா, 1500 சிசி 1என்.இசட்-எஃப்.ஈ என்ஜின், நான்கு கியர் கொண்ட யூ340ஈ ஓட்டோ கியர்பொக்ஸ். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருபது வயது தாண்டிய கார்களையும் ஓடவைத்தே ஆகவேண்டியிருந்தது. கியர்பொக்ஸ் மாற்றும் வேலை இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். கீழே உள்ள பதில்கள் அந்தக் காரையும் அந்தக் கியர்பொக்ஸையும் வைத்தே எழுதப்பட்டவை.

கியர் மாறும்போது அடிக்கிறது, ஏற்றத்தில் வழுக்குகிறது. கியர்பொக்ஸ் போய்விட்டதா?

அப்படி முடிவெடுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் டிப்ஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். ஏ.ரி.எஃப் எனப்படும் ஓட்டோ கியர்பொக்ஸ் ஓயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், அழுத்தம் விழும், கிளச் தட்டுகள் வழுக்கும். பலருக்கு அச்சு சீலில் கசிந்த ஓயில்தான் பிரச்சினையின் தொடக்கம். சரியான மட்டத்தில், சிவப்பாக, எரிந்த மணம் இல்லாமல் இருந்தால் அடுத்ததாக ஸ்கேனர் போடுங்கள். பழுதுக் குறியீடாக பி0717 வந்தால் உள்சுழல் வேக சென்சர் அல்லது அதன் வயர். பி0500 வந்தால் வாகன வேக சமிக்ஞை. பி0705 வந்தால் கியர் நிலையைச் சொல்லும் நியூட்ரல் சுவிட்ச். இந்த மூன்றுக்கும் கியர்பொக்ஸை இறக்கவே தேவையில்லை. டி-யில் போடும்போது மட்டும் 'டொக்' என்று அடித்தால் என்ஜின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஐட்லிங் உயர்ந்திருந்தாலும் அதே அடி வரும்.

கிளச் உண்மையிலேயே தேய்ந்ததா என்று அறிய ஒரு கடிகாரம் போதும். ஓயில் சூடாக, கை பிரேக் இழுத்து, கால் பிரேக்கையும் மிதித்தபடி நியூட்ரலில் இருந்து டி-க்கு மாற்றுங்கள். இழுப்பு தெரிய 1.2 செக்கனுக்கு மேல் ஆகக்கூடாது. ரிவேஸுக்கு 1.5 செக்கன். ஒவ்வொரு முறைக்கும் இடையே ஒரு நிமிடம் விட்டு மூன்று தடவை செய்து சராசரி எடுக்க வேண்டும். இரண்டும் நீண்டால் பொதுவான அழுத்தம் குறைவு: பம்ப், பில்டர், அல்லது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சொலனொயிட் (மின்சாரத்தால் இயங்கும் வால்வ்). ஒன்று மட்டும் நீண்டால் அந்தப் பக்கத்துக் கிளச் அல்லது பிரேக். பிரேக்கை மிதித்தபடியே அக்சிலரேற்றரை அழுத்தி என்ஜின் சுற்றைப் பார்க்கும் ஸ்டோல் டெஸ்ட் செய்வதானால் 5 செக்கனைத் தாண்ட வேண்டாம், என்ஜின் சுழற்சியை ஓயில் வழியே கியர்பொக்ஸுக்குக் கடத்தும் கொன்வேட்டர் அதற்குள் நன்றாகவே சூடாகிவிடும்.

ஓயில் கறுத்து, எரிந்த மணத்தோடு, ரிவேஸே எடுக்காமல் நின்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம்.

பழையதை உடைத்துத் திருத்துவதா, பாவித்ததைப் பூட்டுவதா?

நல்ல கையால் செய்த ரிப்பெயார்தான் நீடித்து உழைக்கும். ஆனால் கிளச் தட்டுகள், சீல் கிட், பம்ப் புஷ், கொன்வேட்டர் எல்லாம் தரமானவையாகக் கிடைத்து, வால்வ் பொடியை (வால்வ்கள் அடுக்கிய உடற்பகுதியை) சுத்தமான மேசையில் பிரித்து அடுக்கத் தெரிந்த ஆளும் கிடைக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றால் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த பெட்டியே பாதுகாப்பு. கடைக்காரர் அதை 'ரீகண்டிஷன்' என்பார். பெரும்பாலும் கழுவிக் கறுப்புப் பெயின்ற் அடித்ததுதான் அந்தக் கண்டிஷன். உள்ளே யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள், அதுவே ஒருவகையில் நல்லதும்கூட.

எந்தக் கார்களின் பெட்டி பொருந்தும்?

பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பொனெற்றைத் திறந்தால் தெரியும் தகட்டில் டிரான்ஸ்/ஆக்ஸில் என்ற வரியில் யூ340ஈ என்றும், கோட்டுக்குப் பிறகு ஒரு சிறு இலக்கமும் எழுத்தும் இருக்கும். அந்தப் பின்பகுதி இரு சில்லுகளுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலைக் குறிப்பது. முழு வரியையும் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

1என்.இசட் என்ஜினோடு வந்த யூ340ஈ, புரோபொக்ஸ், பழைய அலியன், பிரிமியோ 240 ஆகியவற்றிலும் உண்டு. என்ஜினோடு சேரும் முகம் ஒன்றே. வித்தியாசம் வெளியேதான்: இடப்பக்க மவுண்ட் பிராக்கெட், கியர் கேபிள் பிடி, ஓயில் ஊற்றும் குழாய், சில வேளை வயர் சொக்கற். இவற்றைப் பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே பழையதை உடனே கடையில் கொடுத்து விலை கழிக்க வேண்டாம். டிஃபரன்ஷியல் விகிதம் வேறானால் கார் ஓடும், ஆனால் அதே வேகத்தில் என்ஜின் சுற்று கூடவோ குறையவோ செய்யும். வேக சமிக்ஞை கியர்பொக்ஸில் இருந்து போகும் காரில் வேகமானியும் பொய் சொல்லும்.

இரண்டு பொறிகள் உண்டு. 124 என்று வரும் நான்கு சில்லு இழுக்கும் கொரோலாவில் இருப்பது யூ340எஃப். பின்பக்கத்துக்குச் சக்தி அனுப்பும் பகுதி அதோடு சேர்ந்தே இருப்பதால் 121-இல் ஏறாது. 260 என்று வரும் அடுத்த தலைமுறைப் பிரிமியோ, அலியனில் வந்தது சி.வி.ரி, அதாவது படிப்படியான கியர் இல்லாத வேறு வகைப் பெட்டி. என்ஜின் அதே குடும்பம்தானே என்று வாங்கிக்கொண்டு வந்தால் கணினியும் வயரும் ஒத்துவராது.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு பெட்டியைக் காட்டுகிறார்கள். நிலத்தில் கிடப்பதை எப்படிச் சோதிப்பது?

ஓடிப் பார்க்க முடியாது. ஆனால் கையால் அறியக்கூடியது நிறைய உண்டு. முதல் வேலை, ஓயில் பானைக் கழற்றக் கேளுங்கள். கேஸ்கற்றுக்கும் சிலிக்கனுக்கும் காசு தருகிறேன் என்றாலும் மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். பானின் அடியில் ஒட்டியிருக்கும் காந்தங்களில் மைபோன்ற சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. விரலால் உருட்டும்போது குத்தும் இரும்புத் துகள், பித்தளை நிறச் சீவல், கறுப்புக் கிளச் துணுக்குகள் இருந்தால் வேறு பெட்டி பாருங்கள். பித்தளைச் சீவல் பெரும்பாலும் புஷ்ஷின் எச்சம், அதைப் பின்தொடர்ந்து பம்பும் போகும். பானில் தண்ணீர்த் துளி, கறள் வரி தெரிந்தால் மழையில் கிடந்தது, அல்லது வெள்ளம் ஏறிய கார்.

கொன்வேட்டரை இழுத்தெடுத்து அதன் கழுத்தைத் தடவுங்கள். சீல் உராயும் இடத்தில் நகத்தில் மாட்டும் பள்ளம் இருந்தால் புதிய சீல் போட்டாலும் கசியும். வெப்பத்தில் நீலம் பாய்ந்திருந்தால் அந்தப் பெட்டி வழுக்கியே ஓடியிருக்கிறது. உள்சுழல் தண்டைக் கையால் சுற்றினால் கரகரப்பு இருக்கக்கூடாது. பி-யில் போட்டால் டிஃபரன்ஷியல் பூட்டிக்கொள்ள வேண்டும். மவுண்ட் காதுகளிலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சம் அடித்துப் பாருங்கள். கொள்கலனில் ஏற்றி இறக்கும்போது உடைவது இவைதான்.

மல்ரிமீற்றர் இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம். கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்1, எஸ்2, எஸ்.ரி சொலனொயிட்டுகள் 20 பாகை செல்சியஸில் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் எஸ்.எல்.ரி 5.0 முதல் 5.6 ஓம். நம் வெயிலில் சற்றுக் கூடலாம். முழுத் திறந்த சுற்றோ பூச்சியமோ காட்டினால் சொலனொயிட் செத்தது. அதை மட்டும் பழையதிலிருந்து மாற்றலாம் என்றாலும், விலையைக் குறைக்க நல்ல சாட்சி.

வேலை தொடங்கும் முன் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

டொயோட்டாவின் ரி-4 வகை ஏ.ரி.எஃப் 8 லீற்றர். கொன்வேட்டர் சீல், இடம் வலம் அச்சு சீல்கள் (இரண்டும் ஒன்றல்ல, இலக்கம் பார்த்து வாங்குங்கள்), என்ஜினின் பின் கிராங் சீல், பில்டர், பான் கேஸ்கற், அச்சுகளின் உள்முனை வளையங்கள், தட்டி மடிக்கும் சில்லு அச்சு நட் இரண்டு. கூலர் ஹோஸும் கிளிப்பும் இருபது வருடம் பழையவை என்றால் அவையும். பெட்டி வெளியே இருக்கும்போது சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பிறகு ஒரு சீலுக்காக முழு வேலையையும் திரும்பச் செய்வது கராஜ்களில் அடிக்கடி நடப்பது.

கழற்றும் ஒழுங்கு என்ன?

பற்றறியையும் அதன் தட்டையும், காற்று வடிகட்டிப் பெட்டியையும் எடுத்தால் மேலே இடம் கிடைக்கும். சொக்கற்றுகளைக் கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் ரேப் ஒட்டி எழுதுங்கள். கியர் கேபிள், கூலர் ஹோஸ் இரண்டு, ஸ்ராட்டர் மோட்டர் அடுத்து. ஓயிலை வடித்து, வடிகுழாய் நட்டை மறக்காமல் மீண்டும் பூட்டுங்கள்.

ஸ்டியரிங்கை நேராக வைத்துப் பூட்டிக் கட்டுங்கள். என்ஜினுக்குக் கீழுள்ள குறுக்குச் சட்டத்தை இறக்க ஸ்டியரிங் மூட்டைக் கழற்ற வேண்டும். அப்போது ஸ்டியரிங் வளையம் தன்பாட்டில் சுற்றினால் எயார்பேக்குக்குப் போகும் சுருள் வயர் அறுந்துவிடும். மூட்டில் பெயின்ற் கோடும் போட்டுக்கொள்ளுங்கள். சில்லு அச்சு நட்டைக் கார் நிலத்தில் இருக்கும்போதே தளர்த்தினால் சுலபம். கீழ் போல் ஜொயின்ற்றைப் பிரித்து, அச்சுகளை நெம்புகோலால் ஒரே வீச்சில் வெளியே எடுங்கள். அச்சைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு பிரிந்துவிடும்.

கொன்வேட்டரை என்ஜின் கிராங்கின் முனையிலுள்ள பிளெக்ஸ் தகட்டோடு பிடிக்கும் போல்ட்டுகள் ஆறு. கீழே உள்ள சிறிய மூடியைத் திறந்து, கிராங் புலியின் 19 மில்லிமீற்றர் போல்ட்டில் சாவி போட்டு வலச்சுற்றாகத் திருப்பி ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஆறில் ஒன்று வேறு நிறம், அதைத் தனியே வையுங்கள். பிறகு என்ஜினை மேலிருந்து சங்கிலியால் தாங்கிக் கட்டி, கியர்பொக்ஸைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை எடுத்து, மவுண்ட்டைக் கழற்றி, ஜாக்கில் மெல்ல இறக்குங்கள். போல்ட்டுகளின் நீளம் வேறு வேறு. அட்டையொன்றில் பெட்டியின் வடிவத்தை வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைப்பது பழைய முறை, இன்னும் அதைவிட நல்ல முறை வரவில்லை.

கொன்வேட்டர் சரியாக உட்கார்ந்ததா என்று எப்படித் தெரியும்?

பாவித்த பெட்டி பூட்டிய முதல் நிமிடத்திலேயே சாவது பெரும்பாலும் இங்கேதான்.

பெட்டியோடு வந்த கொன்வேட்டரையே போடுங்கள். பழைய பெட்டியின் கொன்வேட்டருக்குள் அதன் எரிந்த கிளச் தூள் முழுவதும் இருக்கிறது, கழுவி எடுக்க முடியாது. புது சீலுக்கு ஏ.ரி.எஃப் பூசி, கொன்வேட்டருக்குள் ஏறத்தாழ 1 லீற்றர் ஊற்றி, பெட்டியைச் சற்றே நிமிர்த்தி வைத்துச் செருகுங்கள். அது மூன்று இடங்களில் இணைய வேண்டும்: உள்சுழல் தண்டின் பற்கள், ஸ்ரேற்றர் தண்டின் பற்கள், கடைசியாகப் பம்பைச் சுழற்றும் வெட்டு. உள்நோக்கி அழுத்தியபடி இருபுறமும் திருப்பும்போது ஒவ்வொரு படியாக உள்ளே இறங்குவது கைக்குத் தெரியும். இரண்டு படி இறங்கியதும் முடிந்தது என்று நினைப்பதுதான் வழக்கமான தவறு.

சந்தேகம் தீர அளந்து பாருங்கள். பழைய பெட்டியை இறக்கியதும், கொன்வேட்டரை அசைக்காமல், பெட்டியின் முகத்துக்குக் குறுக்கே நேரான இரும்புச் சட்டம் வைத்துக் கொன்வேட்டரின் போல்ட் காது வரை எவ்வளவு ஆழம் என்று எழுதிக்கொள்ளுங்கள். புதியதிலும் அதே ஆழம் வர வேண்டும். சில மில்லிமீற்றர் குறைந்தால்கூடப் பம்பின் வெட்டில் ஏறவில்லை என்று பொருள். அந்த நிலையில் போல்ட் போட்டு இறுக்கினால் பம்ப் பல்லு உடையும், அல்லது பம்ப் உடலே வெடிக்கும்.

பெட்டியை ஏற்றும்போது இரண்டு வழிகாட்டி ஊசிகளும் என்ஜினில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழையதோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவை இல்லாவிட்டால் மையம் விலகிச் சீலும் பம்ப் புஷ்ஷும் கொஞ்ச நாளில் தேயும். இரு முகங்களும் கையால் தள்ளியே முழுதாகச் சேர வேண்டும். போல்ட்டால் இழுத்துச் சேர்க்க வேண்டிய நிலை வந்தால் நிறுத்தி மறுபடி இறக்குங்கள். சேர்ந்த பிறகு கொன்வேட்டர் கையால் தடையின்றிச் சுற்ற வேண்டும், பிளெக்ஸ் தகட்டை நோக்கிச் சற்று முன்னே இழுக்கவும் இடம் இருக்க வேண்டும். வேறு நிறப் போல்ட்டை முதலில், மற்ற ஐந்தையும் பிறகு. எல்லாவற்றையும் கையால் ஏற்றிய பின்பே இறுக்குங்கள். சில்லு அச்சு நட் 216 நியூட்டன் மீற்றர், சில்லு நட் 103.

கூலரைக் கழுவத்தான் வேண்டுமா?

கட்டாயம். ஏ.ரி.எஃப் குளிரும் குழாய் ரேடியேற்றரின் உள்ளேயே இருக்கிறது. செத்த பெட்டியின் தூளும் இரும்பும் அதில் தங்கியிருக்கும். புதியதைப் பூட்டி ஸ்ராட் செய்தவுடன் அந்தக் குப்பை நேரே புதுப் பெட்டிக்குள் போகும். ஹோஸ் இரண்டையும் கழற்றி, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் கழுவும் திரவத்தையும் பிறகு மிதமான காற்றையும் விட்டு, சுத்தமான ஏ.ரி.எஃப் வரும்வரை செய்யுங்கள். பழைய பெட்டி உள்ளே நொறுங்கிப் போயிருந்தால் கழுவுவதில் நேரம் போக்காமல் ரேடியேற்றரையே மாற்றுங்கள்.

பழைய ஓயில் இளஞ்சிவப்புப் பால் நிறமாக இருந்தால் காரணம் அந்த ரேடியேற்றர்தான். உள்ளே ஓட்டை விழுந்து கூலன்ற் கலந்திருக்கிறது. கிளச் தட்டில் உராய்வுப் பகுதியை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ற் பிரித்துவிடும். ரேடியேற்றரை மாற்றாமல் பெட்டியை மட்டும் மாற்றினால் இரண்டாவதும் அதே வழியில் போகும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணீரை வருடக்கணக்கில் ரேடியேற்றருக்கு ஊற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூலன்ற் விலை கூட என்று தண்ணீர் விட்டவரின் கியர்பொக்ஸ் செலவும் அந்தத் தண்ணீர்க் கணக்கில்தான் சேரும்.

எந்த ஓயில், எவ்வளவு, எப்படி ஊற்றுவது?

ரி-4. பழைய டெக்ஸ்ட்ரொன் வகையை ஊற்றினாலும் கார் ஓடும், ஆனால் கொன்வேட்டருக்குள் உள்ள லொக்கப் கிளச் பிடிக்கும் வேகத்தில் கரடுமுரடான ரோட்டில் போவதுபோல் ஒரு நடுக்கம் வரும். எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று எழுதிய கான்களையும் தவிர்க்கலாம்.

முழுதும் காய்ந்த பெட்டிக்குக் கொன்வேட்டரோடு சேர்த்து ஏறத்தாழ 7 லீற்றர் பிடிக்கும். சாதாரணமாக வடித்து ஊற்றும்போது மாறுவது 3 லீற்றர் அளவுதான். கொன்வேட்டரில் ஊற்றியது போக முதலில் 4 லீற்றர் ஊற்றி, ஸ்ராட் செய்து, ஐட்லிங்கிலேயே விட்டு உடனே மட்டம் பாருங்கள். பம்ப் இழுக்க இழுக்க மட்டம் விழும், அரை லீற்றர் அரை லீற்றராகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். இந்தக் கட்டத்தில் அக்சிலரேற்றரைத் தொடவே வேண்டாம். பிறகு பிரேக்கை மிதித்து பி-யில் இருந்து எல் வரை ஒவ்வொன்றிலும் சில செக்கன் நிறுத்தித் திரும்ப பி-க்கு வாருங்கள். கடைசி மட்டம் ஓயில் 70 முதல் 80 பாகையில், என்ஜின் ஓடும்போதே, 'ஹொட்' என்ற எல்லைக்குள். கூட ஊற்றினாலும் கேடு. சுழலும் பற்கள் அடித்து நுரையாக்கும், நுரை அழுத்தம் தராது, மூச்சுக்குழாய் வழியே கக்கும்.

1000 கிலோமீற்றரில் ஒருமுறை வடித்து ஊற்றுங்கள். பெட்டி எங்கே எத்தனை வருடம் கிடந்தது என்று தெரியாத நிலையில் இது மலிவான காப்பு.

பூட்டியாயிற்று, ஆனால்...

ஸ்ராட்டரே சுற்றவில்லை: நியூட்ரல் சுவிட்ச் சொக்கற் மாட்டப்படவில்லை, அல்லது சுவிட்ச் விலகியிருக்கிறது. அதன் இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சுவிட்சில் உள்ள கோட்டையும் வெட்டையும் நேர்ப்படுத்தி இறுக்குங்கள். ஸ்ராட்டர் முக்குகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் மேலும் முயல வேண்டாம். கொன்வேட்டர் நசுங்கி நிற்கிறது.

என்ஜின் ஓடுகிறது, எந்தக் கியரிலும் அசைவில்லை: மட்டம், கேபிள், அச்சு முழுதாக உள்ளே ஏறியதா என்ற மூன்றையும் அந்த ஒழுங்கிலேயே பாருங்கள். மூன்றும் சரியென்றால் பம்ப்.

எடுக்கும்போதே பாரமாக, உயர்ந்த கியரில் போவதுபோல் இருக்கிறது: சொலனொயிட் சொக்கற். கணினி பாதுகாப்பு நிலைக்குப் போய்விட்டது. சொக்கற்றுக்குள் ஓயில், பச்சைக் கறள் உண்டா என்றும் பாருங்கள்.

முதல் சில நாள் கியர் சற்று அடிக்கிறது: பற்றறி நெகட்டிவைக் கழற்றி வைத்துக் கணினியின் பழைய பழக்கத்தை அழித்திருக்க வேண்டும். செய்தும் அடித்தால் 100 கிலோமீற்றர் வரை மெதுவான, நின்று நின்று போகும் ஓட்டத்தில் ஓட்டிப் பாருங்கள். குறையாவிட்டால் எஸ்.எல்.ரி சொலனொயிட்டையும் மவுண்ட்டையும் சந்தேகிக்கலாம்.

வாகனப் புத்தகத்தில் மாற்றம் பதிய வேண்டுமா?

புத்தகத்தில் இருப்பது என்ஜின் இலக்கமும் சேசி இலக்கமும். அதே வகைக் கியர்பொக்ஸை மாற்றினால் அவை இரண்டும் மாறுவதில்லை.

கடைக்காரர் தரும் வொறண்டியை நம்பலாமா?

பில்லில் எழுதியதை மட்டும் நம்பலாம். பெட்டியின் இலக்கம், நாள், பழுதானால் காசா மாற்றுப் பெட்டியா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் மாற்றுப் பெட்டிதான், கழற்றிப் பூட்டும் கூலி உங்கள் தலையில். பெட்டியில் கடைக்காரர் போட்ட பெயின்ற் அடையாளத்தை அழிக்காதீர்கள், பானைத் திறந்தால் வொறண்டி போய்விடுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள். திறந்து பார்ப்பதைக் கடை வாசலிலேயே முடித்துக்கொண்டால் அந்த வாதமே வராது. வொறண்டிக் காலத்தை வீட்டு முற்றத்தில் கழிக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே நல்ல வெயிலில் ஒருமணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டி, வந்த சூட்டோடு ரிவேஸில் ஏற்றம் ஒன்றில் ஏற்றிப் பாருங்கள். தேய்ந்த கிளச்சும் கசியும் உள் சீலும் குளிரில் மறைந்திருக்கும், சூட்டில்தான் வெளியே வரும்.